யாருடைய வேலைக்கு உதவி?

"அம்மாவுக்கு உதவி செய்" என்று சொல்லித்தான் குழந்தைகளை வீட்டு வேலைக்குப் பழக்குகிறோம். எனக்கு இந்த 'உதவி'யோடுதான் தகராறு. உதவி என்றால் அடுத்தவர் வேலையில் கைகொடுப்பது. வேலை அம்மாவுடையது என்று அந்தச் சொல்லே முடிவு செய்துவிடுகிறது. தான் சாப்பிட்ட தட்டைக் கழுவும் ஆறு வயதுப் பையன் யாருக்கு உதவுகிறான்?

பெண் குழந்தை சின்ன வெங்காயம் உரித்தால், "பழகிக்கட்டும், நாளைக்குப் போற வீட்டுல நம்மளைக் குறை சொல்லக் கூடாது" என்பார்கள். பையன் உரித்தால் அந்தச் செய்தி பக்கத்து வீடு வரை போகிறது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே எல்லோரையும் கணக்கில் கொண்டது. ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்தவர்களிலும் பெண்களின் சராசரி 299 நிமிடம், ஆண்களுடையது 97.

குழந்தையை வேலை வாங்கலாமா என்று கேட்பவர்களை நான் ஒதுக்கவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்ட அக்காக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படிப்பையும் விளையாட்டையும் தின்னும் வேலை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். தன் தட்டு, தன் துணி, எல்லோரும் குடிக்கும் தண்ணீர் என்ற அளவைத்தான் நான் சொல்கிறேன்.

வேலையைக் கற்றுக்கொடுப்பது சுலபம். குடத்தில் தண்ணீர் தீர்ந்ததையும், பருப்பு டப்பா காலியானதையும், மழை இருட்டிக்கொண்டு வரும்போது கொடியில் துணி கிடப்பதையும் யாரும் சொல்லாமல் கவனிக்கப் பழக்குவதுதான் கடினம். சொன்னால் உடனே செய்யும் பையன்களும் கணவன்மார்களும் உண்டு, நல்லவர்கள்தான். ஆனால் சொல்வதற்கென்றே ஒருத்தி நாள் முழுக்க வீட்டை மனதில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். அந்தச் சுமையை எந்தக் கணக்கெடுப்பில் எத்தனை நிமிடம் என்று எழுதுவது?

அதனால் என் மகனிடம் "துணியை எடு" என்று நான் சொல்வதில்லை. "வானம் எப்படி இருக்குன்னு பாருடா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சில நாள் துணி நனைகிறது. "நீயே எடுத்திருந்தா ரெண்டு நிமிஷம்" என்கிறார் மாமியார். உண்மைதான். முந்தாநாள் தூறல் விழுந்ததும் அவனாகவே ஓடிப்போய் எடுத்து வந்தான், தன் சட்டைகளை மட்டும். இப்போது எங்கள் வீட்டில் பேச்சு அதைப் பற்றித்தான்.