காது கொடுத்த அப்பன்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏



இந்த வாரம் ஒரு விமான விபத்தைப் பத்தி எழுதப் போறேன். பக்திப் பதிவுல விமானம் எதுக்குன்னு நினைக்காதீங்க. கடைசியில நம்ம சுவாமிமலைக்குத்தான் வந்து சேருவோம்.

2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலம். வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட நம்ம ஆட்களைக் கூட்டிட்டு வர வந்தே பாரத் விமானங்கள் பறந்துட்டு இருந்த நேரம். துபாய்ல இருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒண்ணு 190 பேரோட கோழிக்கோடு வந்தது. ராத்திரி ஏழரை மணி தாண்டிருச்சு. கொட்டுற மழை. அந்த ஓடுதளம் மலை உச்சியைச் சமப்படுத்திப் போட்டது. மேசை மாதிரி இருக்கும், முனையைத் தாண்டினா பள்ளம்.

முதல் தடவை இறங்கப் பார்த்து, முடியாம மறுபடி மேல ஏறினாங்க. கேப்டன் பக்கத்துக் கண்ணாடியில வைப்பர் சரியா வேலை செய்யல. அடுத்து ஓடுதளத்தோட எதிர்முனையில இருந்து வந்தாங்க. இப்போ காத்து பின்னாடி இருந்து தள்ளுது. விமானம் தரையைத் தொடாம மிதந்துக்கிட்டே போகுது. 8,858 அடி நீள ஓடுதளத்துல 4,438 அடி தாண்டின பிறகுதான் சக்கரம் தரையில பட்டுச்சு. மிச்ச தூரம் பத்தல. விமானம் முனையைத் தாண்டிப் பள்ளத்துல விழுந்து உடைஞ்சது.

ரெண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் இறந்துட்டாங்க. தீப்பிடிக்காததும், கொண்டோட்டி சுத்துவட்டார ஜனங்க கொரோனா பயத்தைக்கூட பார்க்காம மழையில ஓடி வந்து தூக்கினதும், மீதி 169 பேர் பிழைச்சதுக்குக் காரணம். ராத்திரியோட ராத்திரியா ரத்தம் கொடுக்க வரிசையில நின்னாங்க அந்த மக்கள். தெய்வம் மனுஷ ரூபத்துல வரும்னு சொல்றது அதைத்தான்.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது, அடுத்த வருஷம் வந்த விசாரணை அறிக்கை.

கேப்டன் முன்னாள் விமானப்படை விமானி. 10,000 மணி நேரத்துக்கு மேல பறந்த அனுபவம். பக்கத்துல இருந்த துணை விமானிக்குக் கிட்டத்தட்ட 2,000 மணி நேரம்தான். விமானம் மிதந்துக்கிட்டே போறதை அந்தச் சின்னவர் கவனிச்சிருக்கார். முதல்ல ஜாடையா ஏதோ சொல்லிப் பார்த்தார். அப்புறம் மெதுவா 'கேப்டன்'னு கூப்பிட்டார். கடைசியில 'கோ அரவுண்ட்'னே சொல்லிட்டார். அதாவது, இறங்க வேண்டாம், மேல ஏறி ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி வருவோம்னு அர்த்தம். யார் அதைச் சொன்னாலும் உடனே மேல ஏறியாகணும்ங்கிறது விதி.

ஏறல.

2010 மே 22, மங்களூரு. அதுவும் மேசை ஓடுதளம், அதுவும் துபாய் விமானம். அங்கேயும் துணை விமானி மேல ஏறச் சொல்லியிருக்கார். அங்கேயும் கேட்கப்படல. 158 பேர் போயிட்டாங்க. 8 பேர்தான் மிச்சம்.

இறந்தவங்களைக் குத்தம் சொல்றதுக்கு நான் யாரு? கோழிக்கோடு கேப்டனுக்கு மறுநாள் காலையில அங்க இருந்தே இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியிருந்தது. அங்க போதுமான கேப்டன்கள் இல்ல. எப்படியாவது இறங்கிரணும்ங்கிற நெருக்கடி அவர் மனசுல இருந்ததா அறிக்கையே சொல்லுது. அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். நான் சிவகாசிக்காரன்.

எங்க அப்பா பட்டாசு ஆலையில ஃபோர்மேன். மருந்து அறைச் சுவத்துல 'வேலும் மயிலும் துணை'ன்னு எழுதி ஒரு முருகன் படம் மாட்டியிருக்கும். போன வருஷம் நான் அவருக்கு ராத்திரி போன் பண்ணி ஒரு விஷயம் சொன்னேன். எங்க டீம்ல ஒரு தம்பி, சேர்ந்து ஆறு மாசம்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், "அண்ணா, இந்த ரிலீஸை இன்னைக்குப் போட வேண்டாம்ணா, ஒரு இடத்துல டவுட்டா இருக்கு"ன்னான். கிளையன்ட் காத்துட்டு இருக்கான், நான் டீம் லீட், எனக்குத் தெரியாததா? "பார்த்துக்கலாம்டா"ன்னுட்டேன். நைட்டு ரெண்டு மணிக்கு எல்லாம் படுத்துருச்சு. அவன் டவுட்டுன்னு சொன்ன அதே இடம். ரெண்டு நாள் தூங்காம சரி பண்ணிட்டோம். யாருக்கும் உயிர் போகல. ஆனா அதுக்கப்புறம் அந்தத் தம்பி மீட்டிங்ல வாயே திறக்கல.

அப்பா கேட்டுட்டு ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் சொன்னார்.

தீபாவளி சீசன். லோடு ஏத்த லாரி வாசல்ல நிக்குது. வேலைக்கு வந்து மூணு மாசம்கூட ஆகாத ஒரு பொண்ணு வந்து, "அண்ணாச்சி, நேத்து மீந்த மருந்து அப்படியே இருக்கு, ஒரு மாதிரி நாத்தம் வருது, இன்னைக்கு அதைத் தொட வேண்டாம்"னு சொல்லியிருக்கு. மீந்த மருந்தை ராத்திரி வைக்கக் கூடாது. அலுமினியப் பொடி கலந்தது நீர்த்துப் போனா தானா சூடேறும். இதெல்லாம் அப்பாவுக்கு அந்தப் பொண்ணு பிறக்குறதுக்கு முன்னாடியே தெரியும். "சும்மா வேலையைப் பாரு தாயி"ன்னு சொல்லிட்டு நாலு எட்டு நடந்துட்டாராம். அப்புறம் என்னமோ தோணி, திரும்பி வந்து எல்லாரையும் வெளியே போகச் சொல்லிட்டார். அன்னைக்கு வேலை நின்னது. லாரி காலியா போச்சு. முதலாளிகிட்ட நல்லா ஏச்சு.

"அந்த மருந்து வெடிச்சதாப்பா?"

"இல்ல. வெடிக்கலைன்னா அவ சொன்னது தப்புன்னு ஆயிருமாடா?"

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை எங்க ஊர்ல யாரும் மறக்கல. 30 பேருக்கு மேல ஒரே நாள்ல போனாங்க. நடந்த விபத்துக்குக் கணக்கு இருக்கு. நடக்காம போன விபத்துக்குக் கணக்கே கிடையாது. அந்தப் பொண்ணோட பேச்சு எந்த அறிக்கையிலயும் வராது.

இப்போ சுவாமிமலைக்கு வருவோம். கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர். 60 படி ஏறினா மேல சுவாமிநாதன். அப்பன் கீழே, பிள்ளை மேலே. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவையே சிறையில வெச்ச பிள்ளை. 'சரி, உனக்குத் தெரியுமா?'ன்னு அப்பன் கேட்டார். 'தெரியும், ஆனா சிஷ்யனா வந்து கேக்கணும்'னான் பிள்ளை. சிவபெருமானுக்கு இல்லாத அனுபவமா? 'நேத்துப் பிறந்த பய நீ எனக்குச் சொல்றியா'ன்னு அவர் கேக்கல. குனிஞ்சார். காதைக் கொடுத்தார்.

நாம சுவாமிநாதனைக் கும்பிடுறப்போ பிள்ளையோட ஞானத்தை மட்டும்தான் பார்க்குறோம். அந்த அப்பன் குனிஞ்சதைப் பார்க்குறதில்ல. அவர் குனியலைன்னா அந்த உபதேசமே நடந்திருக்காது.

'முருகன் பார்த்துப்பான்'னு சொல்லிட்டே வேகமா போறோம். அவன் எப்படிப் பார்த்துப்பான்? படத்துல இருந்து இறங்கி வந்து மருந்துத் தட்டைப் பிடுங்க மாட்டான். மூணு மாசப் பொண்ணு குரல்ல வருவான். பக்கத்து சீட்ல தயங்கித் தயங்கிப் பேசுறவர் குரல்ல வருவான். சின்னவன் குரல்ல வர்றது அவனுக்குப் புதுசு இல்லையே!

இதைப் படிக்கிற நிறையப் பேர் இப்போ அந்தப் பக்கத்து சீட்லதான் இருப்பீங்க. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தப்புன்னு பட்டா ஜாடையா சொல்லாதீங்க, தெளிவா சொல்லுங்க. சுவாமிநாதன் தயங்கல. கொஞ்சம் பெரிய சீட்டுக்கு வந்துட்டவங்க, 'பார்த்துக்கலாம்'னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிங்க. இறங்காம ஒரு சுத்து சுத்தி வர்றது தோல்வி இல்ல.

அந்தத் தம்பிகிட்ட எல்லாரும் இருக்கிற மீட்டிங்லயே மன்னிப்புக் கேட்டேன். உடனே ஒண்ணும் மாறல. போன வாரம்தான், "அண்ணா, ஒரு சின்ன விஷயம்..."னு ஆரம்பிச்சான். லேப்டாப்பை மூடி வெச்சிட்டு, "சொல்லுப்பா"ன்னேன்.

வர்ற சஷ்டிக்கு விரதம் இருக்கிறவங்க, வாயைக் கட்டுறதோட காதையும் கொஞ்சம் திறந்து வைங்க. அந்த 21 பேருக்காகவும், முதலிப்பட்டியில போனவங்களுக்காகவும் ஒரு விளக்கு ஏத்துங்க.

சுவாமிநாதா சரணம். ஓம் சரவணபவ 🙏🦚