மாடிச் சாவி யார் கையில்?



ஒரகடத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீடுகள். மேல்தளத்தில் ஒன்று என்னுடையது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, இரண்டு வருஷமாய்ச் சாவியை என் வீட்டு ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தேன். கேட்டவர்களிடம், "பிள்ளைங்க விழுந்துடும், டேங்கை எவனாவது திறந்துடுவான்" என்பேன். உண்மைக் காரணம் வேறு. காலையில் தனித்து ஜெபிக்க எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. பேதுருவும் மேல்வீட்டில் ஏறித்தானே ஜெபித்தார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எதிர்வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மழை விட்ட ஒரு நாள், ஒருவன் ஈர யூனிஃபார்மோடு வந்து நின்றான். "அண்ணா, ரூமுக்குள்ள காயல. நாத்தம். சூப்பர்வைசர் திட்டுறார்." "ஓனரைக் கேளு தம்பி" என்று கதவைச் சாத்தினேன். அன்றைக்கு எனக்கு ஜெபம் ஓடவேயில்லை.

சட்டமும் என் பக்கம் இல்லை. 2016-ம் வருஷத்து மத்திய ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாக எண்ணுகிறது. மேல்தளம் வாங்கினவனுக்கு ஆகாயத்தையும் சேர்த்து எழுதிக்கொடுக்கவில்லை! என் பத்திரத்தில் இருப்பது பிரிக்கப்படாத பங்கு. பன்னிரண்டில் ஒன்று என்று கோடு கிழிக்க முடியாது. முழு மாடியும் எனக்கு உண்டு, மற்றவர்களுக்கும் முழு மாடியும் உண்டு. அப்பத்தைப் பிட்டுப் பங்கிடுகிற கணக்கு இங்கே உதவாது. வாடகைக்காரனுக்குப் பத்திரத்தில் பங்கு இல்லைதான். ஆனால் அவனுடைய ஓனர் சென்னையிலிருந்து வந்து இங்கே துணி காயப்போடப் போகிறாரா?

அப்போஸ்தலர் 10-ஐ மறுபடியும் வாசித்தேன். யோப்பாவில் அந்த வீடு பேதுருவினுடையதல்ல, தோல் பதனிடுகிற சீமோனுடையது. விருந்தாளியாய் ஏறினவர் அவர். அங்கே கண்ட தரிசனமோ, தள்ளிவைத்த புறஜாதியாருக்குக் கதவு திறக்கிறதைப்பற்றியது. உபாகமம் 22:8-ம் என்னை விடவில்லை. ஆள் விழாதபடி கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்லுகிறதே தவிர, பூட்டுப் போடச் சொல்லவில்லை. எங்கள் மாடியிலோ சுவர் நெஞ்சுயரம் இருக்கிறது.

சாவியைப் படிக்கட்டு ஆணிக்கு மாற்றினேன். எல்லாம் சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பீடித் துண்டுகள் கிடக்கின்றன. இரண்டாம் மாடி அக்கா காயவைத்த வடகத்தை யாரோ மிதித்துவிட்டார்கள்; "சாவியைக் கொடுத்தது நீங்கதானே" என்று அந்தப் பழியும் என் தலையில். ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடியில் பாட்டு வேண்டாம் என்று பையன்களிடம் சொன்னேன். ஒருவன் தயங்கித் தயங்கி, "அண்ணா, காலைல நீங்க சத்தமா ஜெபம் பண்றீங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு நாங்க அப்பதான் படுப்போம்" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. இப்போது தென்கோடியில், அவர்களுடைய யூனிஃபார்ம்கள் தொங்கும் கொடிகளுக்கு நடுவே, மெதுவான குரலில் ஜெபிக்கிறேன்.