பிளவின் இரு பக்கம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் விடியற்காலைப் பேருந்தில் ஏறி, வெயில் சுடுமுன் மாமல்லபுரத்துப் பெரிய பாறையின் முன் வந்து உட்கார்ந்தேன். நேற்றிரவு 'நண்பகல் நேரத்து மயக்கம்' இரண்டாம் முறை பார்த்திருந்தேன். படம் இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை.

வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிகள். உச்சிவெயில், வண்டியில் எல்லோரும் தூக்கம். ஜேம்ஸ் மட்டும் விழித்து இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறான். ஒரு வீட்டுக் கொடியில் காயும் கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறான். மாட்டுக்குத் தீனி வைக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல்போன சுந்தரமாகவே பேசுகிறான். சுந்தரத்தின் பார்வையில்லாத அம்மா டிவி முன் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் தூங்கி எழுந்தால் மறுபடி ஜேம்ஸ். எப்படி நடந்தது இது? 2023இல் திரைக்கு வந்த இந்தப் படத்தில் இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி அதைக் கடைசிவரை சொல்வதில்லை. ஆனால் அந்தக் கைலி நிஜம், மாடு நிஜம். அதனால்தான் நம்மால் எழுந்து போக முடிவதில்லை.

எதிரே இந்தச் சிற்பப் பாறை. ஏறக்குறைய 27 மீட்டர் நீளம். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசி. வயிறு ஒட்டிப்போய் விலா எலும்பை எண்ணலாம். பக்கத்தில் வரம் தரும் சிவன். பாசுபதம் கேட்கும் அர்ச்சுனன் என்பார்கள் சிலர். நடுவில் பாறை பிளந்திருக்கிறது. அந்தப் பிளவில் நாகர்கள். அது கங்கை, தவம் செய்பவன் பகீரதன் என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் பாறையிலேயே சாட்சி இருக்கிறது. பல்லவச் சிற்பி எதையும் ஒளித்துவைக்கவில்லை.

இங்கேதான் பல மர்மப்படங்களோடு எனக்கு மனத்தாங்கல். தெரிந்ததை மூடிவைத்து, கடைசிப் பத்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள். வெளியே வந்து டீ குடித்து முடிப்பதற்குள் படம் தீர்ந்துபோகிறது.

எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' அப்படியில்லை. 1954இல், பாட்டே இல்லாமல், சிவாஜியைத் தொடக்கத்திலேயே சுட்டுச் சாய்த்த படம். ஒவ்வொருவர் சொல்லும்போதும் செத்தவன் வேறு ஆளாகத் தெரிகிறான். சுட்டது யார் என்பது முடிவில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும், கட்டியவன் பெரிதா நாடு பெரிதா என்ற கேள்வி வீடுவரை கூட வருகிறது. எனக்கு அதற்கு இன்றும் பதில் இல்லை.

பாறையின் கீழே யானையின் பக்கத்தில் ஒரு பூனை. அதுவும் அந்தத் தவசி மாதிரியே கைதூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். பக்தியா, பசியா? வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமல்லபுரம் போனால், பெயர்ப்பலகையைப் படிக்குமுன் அந்தப் பூனையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.