விருந்தும் சுற்றமும்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை அடுத்துள்ள பொம்மசந்திராவில் ஆலைத் தொழிலை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உள. தருமபுரி, கிருட்டிணகிரி முதலிய மாவட்டங்களினின்று பிழைப்புத் தேடி வந்தவர்கள் இவர்கள். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பலர்க்கும் பொதுவான குளியலறை. இவர்களுட் பலர்க்கு வாய்த்த இல்லம் இவ்வளவே. இத்தகைய இல்லம் ஒன்றிற்குச் சனிக்கிழமை மாலை, ஊரிலிருந்து தமையன் முறையார் ஒருவர் மனைவியோடும் ஐந்து சிறு குழந்தைகளோடும் வந்து, ஞாயிறு இரவு வரையில் தங்க எண்ணுகின்றார் எனக் கொள்வோம். இவருக்கு இல்லத்தான் எவ்வளவு கடமைப்பட்டவன்? ‘இவ்வாரம் வேண்டா’ என்று கூறுதல் அறத்திற்கு இழுக்காகுமா?

‘வீட்டுக்கு வந்தவர்க்குச் சோறிடுவதில் ஆராய்ச்சி எதற்கு?’ என்று சிலர் கேட்பர். அவ்வாறு கேட்போர் பெரும்பாலும் சோறு வடிப்பவர் அல்லர்.

முதலில் ஒரு சொல்லை நோக்குவோம். பழந்தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்று பொருள். ஆகவே அச்சொல் முன்பின் அறியாத புதியவரையே குறித்தது. வள்ளுவர் 43ஆம் குறளில் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரை எண்ணுமிடத்து விருந்தினரையும் சுற்றத்தாரையும் தனித்தனியே வைக்கின்றார். விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். சுற்றந்தழால் 53ஆம் அதிகாரம். முன்னது அறத்துப்பாலிலும் பின்னது பொருட்பாலிலும் உள்ளன. பாலி மொழியிலுள்ள அங்குத்தர நிகாயத்தில், அநாதபிண்டிகருக்குப் பகவர் உரைத்த ஐவகைக் காணிக்கைகளிலும் சுற்றத்தார்க்குரியது வேறு, அதிதிக்குரியது வேறு. தென்புலத்தாரும் தெய்வமும் அவ்விரு பட்டியல்களிலும் இடம்பெறுதல் வியப்புக்குரியது. இன்று நாம் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, உறவினரையும் ‘விருந்தாளி’ என்கின்றோம். குழப்பம் இங்கேதான் பிறக்கின்றது.

புதியவர்க்கு நம்மை விட்டால் அவ்வூரில் வேறு நாதியில்லை. அவரிடம் நம் வறுமையைக் காட்டாது மறைத்து உபசரித்தல் பெருந்தன்மை. சுற்றத்தாரின் உரிமையோ கொண்டும் கொடுத்தும் வந்த பழக்கத்தினின்று பிறந்தது. அவர் தாய் வடித்த சோற்றை நாமும் ஒருநாள் உண்டிருப்போம். ஆதலின் உணவையும் இடத்தையும் போலவே நம் உண்மை நிலையை அறிவதற்கும் அவர்க்கு உரிமை உண்டு. சிகாலோவாத சூத்திரத்தில் நண்பர்க்கும் துணைவர்க்கும் ஆற்றவேண்டியவை ஐந்து கூறப்பெறுகின்றன. ஈகை அவற்றுள் முதலாவது, வஞ்சியாமை ஐந்தாவது. ‘நாங்கள் வெளியூர் போகின்றோம்’ என்று பொய் சொல்லித் தப்புவோரும், பல்லைக் கடித்துக்கொண்டு ‘வாருங்கள்’ என்போரும், வேறு வேறு வழியால் இவ்வைந்தாம் கடமையில் தவறுகின்றார்கள்.

அதே சூத்திரம் கணவனுக்கு உரைக்கும் கடமைகளுள் ஒன்று, இல்லத்தின் அதிகாரத்தை மனைவியிடம் ஒப்புவித்தல் என்பதாகும். தொலைபேசியில் அண்ணன் கேட்டவுடன், அடுக்களையில் நிற்பவளை ஒரு சொல்லும் கேளாமல் இசைவு தெரிவிக்கும் கணவன் எதைத் தானம் செய்கின்றான்? அவளுடைய உழைப்பையும் உறக்கத்தையும் அன்றோ? 2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஏற்பட்ட நீர்ப்பஞ்சத்தை அங்குள்ளோர் மறந்திரார். குடிநீரால் வாகனம் கழுவுவோர்க்கு 5000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்ட காலம் அது. லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்கும் வீட்டில் ஏழுபேர் கூடுதலாகக் குளிப்பதென்றால், குடங்களை எண்ணுபவள் யார் என்பதைக் கணவன் நினைத்தல் வேண்டும்.

இனிக் குழந்தைகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி பெண் ஒருத்திக்குப் பிறக்கும் மக்கள் சராசரி தமிழ்நாட்டில் 1.8, கருநாடகத்தில் 1.7. இக்காலத்தில் ஐந்து பிள்ளைகளோடு வருவோரை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்க்கின்றனர். வீட்டுக்காரர் தலைகளை எண்ணுகின்றார். உபசரிப்போரும் மனத்துள், ‘இத்தனை எதற்கு?’ என்கின்றார்கள். பெற்றோரின் முடிவை விமரிசிக்க ஒருவர்க்கு உரிமை இருக்கலாம். ஆனால் அவ்விமரிசனம் குழந்தையின் தட்டில் சுருங்கி விழுதல் கொடுமை. எத்தனையாவதாகப் பிறப்பதென்று எக்குழந்தையும் தேர்ந்ததில்லை. மூன்றாம் முறை சோறு கேட்கும் சிறுவன், அத்தை முகத்தில் தோன்றும் சுளிப்பைப் பெரியவர்களை விட விரைவில் படித்துவிடுவான்.

வருவோர்க்கும் கடமை இல்லாமற் போகவில்லை. முன்னறிவித்து வருதலும், அரிசியோ காய்கறியோ கொணர்தலும், பகற்பொழுதிலேனும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுதலும் அவர்க்குரியன. பன்னேருகட்டா விலங்கினப் பூங்கா வெகுதொலைவில் இல்லை. 2025 ஆகத்து முதல் பொம்மசந்திராவிலிருந்து இராட்டிரீய வித்தியாலய சாலை வரையில் மெட்ரோ இரயிலும் ஓடுகின்றது. பிள்ளைகட்கு அதுவே ஒரு திருவிழா. ஆனால் அவ்வூரிலுள்ள நாராயண இருதாலய மருத்துவமனைக்கு நோயுற்ற குழந்தையைத் தூக்கி வரும் உறவினர் நிலை முற்றிலும் வேறு. அவரிடம் நீரின் கணக்கையும் அறையின் அளவையும் பேசுதல் தகாது. அவ்விடத்தில் சுற்றத்தார் புதியவரைப் போலவே வேறு நாதியற்றவர் ஆகிவிடுகின்றார்.

மனமகிழ்ச்சியின்றி இடும் சோறு தானமாகுமா என்று சிலர் வினவுவர். கொடுக்குமுன் மகிழ்வும், கொடுக்குங்கால் தெளிவும், கொடுத்தபின் நிறைவும் வேண்டும் என்பது அங்குத்தர நிகாயத்தின் கருத்து. ஞாயிறு இரவு பேருந்து நகர்ந்தவுடன் பெருமூச்சு விடுவோரிடம் மூன்றாவது இல்லை. ஒருகால் முதலாவதும் இல்லை. எனினும் பசித்த குழந்தை நம் மனம் தெளியும் வரையில் காத்திராது. சோற்றை இட்டுவிட்டுத்தான் மனத்தை ஆராய்தல் வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த முறையேனும் மகிழ்வோடு இடுவதற்கு வழி, மனைவியைக் கலந்துகொண்டு உள்ளதை உள்ளபடி உரைத்தலே: ‘அண்ணா, தண்ணீர் லாரி திங்களன்றுதான் வரும். எனக்கும் மறுநாள் விடியற்காலை ஷிப்ட். அண்ணியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் வாருங்கள். இருட்டுமுன் நானே பேருந்து ஏற்றிவிடுகின்றேன்.’ தமையனார் சிறிது வருந்தக்கூடும். பொங்கலுக்கு ஊர் செல்லும்பொழுது இவனும் தன் பிள்ளைகளோடு அவர் வீட்டுக் கூடத்தில்தான் பாய் விரிக்கப் போகின்றான். அப்பொழுது அவரும் தம் வீட்டு நிலையை இவனிடம் ஒளிக்க வேண்டியிராது.