எத்தனை வாட்ஸ் என்று கேளுங்கள்

சிங்கவரம் மலைப்படி ஏறி, பாறையிலேயே குடைந்த ரங்கநாதர் சந்நிதிக்குள் நுழைந்தால் சித்திரை வெயிலிலும் உடம்பு குளிரும். கீழே தெருவில் இருக்கும் நம் மாடி வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிள்ளைகளின் பாடத்துக்கும் பட்டா, சிட்டா பார்க்கவும் கம்ப்யூட்டர் வாங்கி வைக்கப்போவது அந்த வீட்டில்தான். கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் இறங்கும். அதனால் கடையில் எத்தனை ஜிபி என்று கேட்கும் முன் எத்தனை வாட்ஸ் என்று கேளுங்கள்.

பழைய டவர் மாடல் கம்ப்யூட்டர், மானிட்டரைச் சேர்க்காமல், 100 வாட்ஸ் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்றை மேசைக்கடியில் எரிய விட்டதற்குச் சமம். தினம் 5 மணி நேரம், 60 நாள் ஓடினால் 30 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உள்ளங்கை அளவு மினி பிசி, இன்டெல் என்100 சிப் போட்டது, சாதாரண வேலைக்கு 10 வாட்ஸ் அளவில்தான் இழுக்கும். அதே 60 நாளுக்கு 3 யூனிட்.

சந்தேகம் இருந்தால் வீட்டு மீட்டரையே கேளுங்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தால், 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு எண்ணுங்கள். 100 வாட்ஸ் பெட்டிக்கு 11 நொடிக்கு ஒருமுறை மினுக்கும். 10 வாட்ஸ் பெட்டிக்கு அடுத்த மினுக்கலைப் பார்க்க ஏறக்குறைய இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

கரண்ட் போகும்போதும் இதே கணக்குதான். சின்ன யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. டவரும் மானிட்டரும் சேர்ந்தால் அது கால் மணி நேரம் தாங்குவதே பெரிது. மினி பிசியும் 20 வாட்ஸ் மானிட்டரும் என்றால், பேட்டரி நன்றாக இருந்தால், ஒரு மணி நேரம்கூட ஓடும். பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம் பெரிய விஷயம்.

ராஸ்ப்பெரி பை இன்னும் சிக்கனம். 2012இல் பிள்ளைகள் புரோகிராம் கற்க வந்த பலகை அது. ஆனால் அதில் லினக்ஸ்தான். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளை அதில் நம்ப முடியாது. ஆர்வமுள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வாங்கலாம். பொதுவான வீட்டுக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள மினி பிசியே என் தேர்வு. வீடியோ எடிட்டிங், பெரிய கேம் என்றால் மட்டும் அது போதாது.

செகண்ட் ஹேண்டில் டவர் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. செகண்ட் ஹேண்டுதான் முடியும் என்றால், ஆபீஸ்களிலிருந்து வரும் சின்னப் பெட்டிகளில் ஐ5-8500டி போல, எண்ணின் கடைசியில் 'டி' எழுத்துள்ள சிப்பைத் தேடுங்கள். 35 வாட்ஸுக்கென்று செய்தவை அவை.

கடையில் விலை பேசும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 36 வாட்ஸ். எவ்வளவு வேலை கொடுத்தாலும் அந்தப் பெட்டிக்கு அதற்குமேல் கிடைக்காது.