தொட்டித் தக்காளி என்ன விலை?

எங்கள் ஃப்ளாட் பால்கனியில் 4 தொட்டிக்குத்தான் இடம். தொட்டி, மண், தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய். மூன்று மாதம் மகள் தண்ணீர் ஊற்ற, மனைவி வேப்பெண்ணெய் தெளிக்க, பறித்தது 2 கிலோ தக்காளி. பி.காம். மூளை சும்மா இருக்குமா? கிலோ 500 ரூபாய், எங்கள் கூலியைச் சேர்க்காமலே!

மறுநாள் தள்ளுவண்டிக்காரரிடம் 'அஞ்சு ரூபா குறைச்சுக்கோங்க' என்று கேட்க வாய் வரவில்லை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எத்தனை கூச்சல் போட்டோம்! சென்னையில் ரேஷன் கடையிலேயே 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். விலை விழுந்து, பறிப்புக் கூலிகூடத் தேறாமல் விவசாயி ரோட்டில் கொட்டும்போது நாம் மூச்சு விட்டோமா?

நியாயமான விலை என்கிறோமே, யாருக்கு நியாயம்? ஒரே ஒரு தொட்டி வைத்துப் பாருங்கள். காய் வருகிறதோ இல்லையோ, பேரம் பேசும் நாக்கு கொஞ்சம் கூசும்.