கால் சொல்லும் அளவு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு மின் இன்சுலேட்டருக்கோ அகல் விளக்குக்கோ அச்சு எடுக்கிறவர், முடிவில் வரவேண்டிய அளவுக்கே அச்சை எடுப்பதில்லை. கொஞ்சம் பெரிதாக எடுப்பார். ஈரக் களிமண் காயும்போது ஒரு முறை சுருங்கும். சூளையில் வேகும்போது மறுபடியும் சுருங்கும். பீங்கான் கலவையென்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிடும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்து அள்ளும் களிமண்ணுக்கு ஒரு குணம், வேறு ஊர் மண்ணுக்கு வேறு குணம். கலவை மாறினால் அச்சும் மாறவேண்டும். மண் சுருங்கிவிட்டதே என்று யாரும் மண்ணைக் குறை சொல்வதில்லை. அதன் குணமறிந்து அச்சில் இடம் விடுவதுதான் அங்கே தொழில்.

ஓடத் தொடங்குகிறவர் முதல் ஷூ வாங்கும் விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அச்சுதான் நினைவுக்கு வருகிறது. களிமண் சுருங்கும், ஓடுகிற கால் வீங்கும். கடையில் உட்கார்ந்திருக்கும் கால் வேறு, நாலு கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய கால் வேறு. ஒவ்வொரு அடியிலும் பாதம் சற்றே நீண்டு, முன்பக்கம் விரிகிறது. ஆனால் நாம் ஷூ வாங்குவது உட்கார்ந்திருக்கும் காலுக்கு.

விருத்தாசலம் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்கவேண்டும். ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டர், முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்தரை நிமிடம். ஒரு குடும்பத்தின் வருங்காலமே சில விநாடிகளில் தொங்கும் ஓட்டம் இது. அதைப் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூவிலும், பெரிய கம்பெனியின் பெயர் ஒட்டிய போலியிலும், வெறுங்காலிலும் தொடங்குகிறார்கள். சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லி, நடையிலிருந்து மெதுவாக ஓட்டத்துக்கு வந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் கடையில் சந்திக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “என்ன நம்பர்?”

அந்த நம்பர் எங்கிருந்து வந்தது? சுதந்திரத்துக்கு முன்பு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இங்கிலாந்துக் கணக்கு அது. ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம். அது நீளத்தை மட்டும் சொல்லும். அகலத்தைப் பற்றி வாய் திறக்காது.

சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. முப்பரிமாணக் கருவிகளை வைத்து எடுத்த அளவு. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம்முடையவை அகலம் என்று தெரியவந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதிலும், ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது. இந்த அளவுகளை வைத்து, பாரதத்தின் முதலெழுத்தைப் பெயராகச் சூட்டி, ‘பா’ என்றொரு புதிய அளவுமுறையை அந்த நிலையம் பரிந்துரைத்தது. அகலம் போதாததால் நீளத்தில் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறோம் என்பதும் அந்த ஆய்வை ஒட்டி வெளிவந்த உண்மை. முன்பக்கம் இறுக்கம் தீர்ந்தால் குதிகால் தொளதொளக்கிறது. ஓடும்போது பாதம் உள்ளே வழுக்குகிறது. நகம் கறுக்கிறது, கொப்புளம் வருகிறது. இத்தனைக்கும், திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் உலகச் சந்தைக்கான ஓட்ட ஷூக்களைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் நம் கிராமத்துப் பெண்கள். தைக்கிற கை நம்முடையதாக இருந்தும், அளவு வேறிடத்துக் கால்களுடையதாக இருக்கிறது என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

“எனக்குக் கால் பட்டை, எந்த ஷூவும் சேராது” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொல்வார்கள். ஒரு லட்சம் பேரை அளந்தபின் இன்று நிச்சயமாகச் சொல்லலாம்: அந்தக் காலில் ஒரு குறையும் இல்லை.

இதே போல இன்னொரு பயமும் புதியவரைப் பிடித்துக்கொள்கிறது. ஈரக்காலைத் தரையில் வைத்துத் தடத்தைப் பார், தட்டைப் பாதமா, வளைந்த பாதமா, உள்பக்கம் சாய்கிறதா, அதற்கேற்ற தனி ஷூ வாங்கு என்பார்கள். பல ஆண்டுகள் இதை வேதம் போலச் சொன்னார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதத் தடத்தைப் பார்த்துத் தனித்தனி வகை கொடுத்தும், எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்தும் ஒப்பிட்டார்கள். காயங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே வகைச் சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2014இல் வெளியானது. பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் கூடுதலாக அடிபடவில்லை. மறு ஆண்டு, கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: போட்டு ஓடிப் பார்க்கையில் கால் எதைச் சுகம் என்கிறதோ அதுவே நல்ல வழிகாட்டியாக இருக்கலாம். இத்தனை கருவிகளுக்கும் பட்டியல்களுக்கும் பிறகு, விசாரணை காலிடமே வந்து நிற்கிறது.

ஆனால் காலின் பேச்சை நாம் நம்புகிறோமா? பெருவிரல் இடிக்கிறது என்றால், “போடப்போடச் சரியாயிடும் தம்பி” என்கிறார் கடைக்காரர். தோல் செருப்புக் காலத்தில் அதில் நியாயம் இருந்தது; தோல் காலுக்கேற்ப விட்டுக்கொடுக்கும். இன்றைய ஓட்ட ஷூவின் வலைத்துணியும் நுரை அடியும் அப்படி விட்டுக்கொடுப்பவை அல்ல. சரியாகிவிடும் என்று நாம் நம்பிக் காத்திருக்கிறபோது, மாறுவது கால்தான்: காய்ப்பு விழுகிறது, விரல் கோணுகிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு எதிலுமே தன்மேல் நம்பிக்கை குறைவு. எல்லாருக்கும் சரியாக இருப்பது தனக்கு வலித்தால், தானே சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். ஒவ்வோர் அளவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய உடம்பு இருக்கிறது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. அளவு என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. எங்கோ, எப்போதோ, சில கால்களைப் பார்த்து எடுத்தது. தன் காலைப் பார்த்து எடுக்காத அளவில் தேறாமல் போவது தோல்வி ஆகாது. ஷூவில் தொடங்கும் இந்த அறிவு ஷூவோடு நிற்கவேண்டியதும் இல்லை.

கால் பேச முடியாத இடமும் ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது பாவம். நாள்பட்ட சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். கல் உறுத்தினாலும், கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அவர்கள் சுகமாக இருக்கிறது என்பதை நம்பி வாங்கக் கூடாது. டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாங்கவேண்டும். ஓடி வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் கண்ணால் பார்க்கவேண்டும், எட்டாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லவேண்டும்.

மற்றவர்களுக்கு வேலை எளிது. சாயங்காலம், நாள் முழுக்க நடந்து கால் சற்றுப் புடைத்திருக்கும் நேரத்தில் கடைக்குப் போகலாம். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பார்க்கலாம். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்கவேண்டும். எழுந்து நின்றால் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், விரல்கள் உள்ளே அசையவேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடை வாசலில் நாலு எட்டு ஓடிப் பார்க்க வெட்கப்படவேண்டாம்.

வாங்கியபின் பொறுமை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அத்தனை வேகமாகப் பழகாது. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிற பிள்ளைக்குத்தான் கணைக்கால் எலும்பில் வலி பிடிக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் அந்த அவசரத்தை ஈடுகட்டாது.

தேர்வுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்லவேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா, கொடுத்த ஷூ காலுக்குச் சரிப்படாமல், பழகிய வெறுங்காலிலேயே மாரத்தானை ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வாங்கினார். நாலு வருடம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் வென்றார். வெறுங்கால்தான் உசத்தி என்று இதற்கு அர்த்தமில்லை. ரோமில் அவர் பழகியதை விட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம். தேர்வு தேதி வந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் கடன் வாங்கிப் புது ஷூ எடுத்து, அதை அன்றைக்கே முதன்முதலாகப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போகாதீர்கள். முன்கூட்டியே வாங்குங்கள், பயிற்சியில் போட்டுப் பழகுங்கள். இடித்தால், இடிக்கிறது அண்ணே, வேறு காட்டுங்கள் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள்.